கடல் பாதுகாப்பு விளக்குகளுக்கு ஒப்புதல் பெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்இடி விளக்கு தயாரிப்பில் அனுபவம் உள்ள சிறு நிறுவனங்கள் கப்பல் சந்தைக்குள் வர விரும்பும்போது முதலில் சந்திக்கும் தடை ஒப்புதல்தான். லைஃப் ஜாக்கெட்டில் பொருத்தும் கட்டைவிரல் அளவு விளக்கை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கப்பலின் வழிகாட்டு விளக்குகள் பற்றிய கேள்விகளுக்குப் பின்பகுதியில் விடை உள்ளது.

எங்கள் விளக்கை "ஐஎம்ஓ ஒப்புதல் பெற்றது" என்று விளம்பரப்படுத்தலாமா?

கூடாது. ஐ.நா. அமைப்புகளுள் ஒன்றான சர்வதேசக் கடல்சார் அமைப்பு, அதாவது ஐஎம்ஓ, எந்தப் பொருளுக்கும் ஒப்புதல் வழங்குவதில்லை. அது விதிகளை மட்டுமே வகுக்கிறது. கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் கடல்சார் நிர்வாகமே ஒப்புதல் வழங்கும் அதிகாரம் பெற்றது. தானே சோதித்து ஒப்புதல் தருவதா, தன் சார்பில், கப்பல்களின் தரத்தை ஆராய்ந்து சான்றளிக்கும் ஒரு வகைப்பாட்டுச் சங்கத்தையோ சான்றளிப்பு அமைப்பையோ நியமிப்பதா என்பதை அந்த நிர்வாகம் முடிவு செய்யும். எனவே "ஒப்புதல் பெறுவது எப்படி?" என்ற கேள்விக்கு முன்னால் "எந்த நாட்டுக் கொடிக் கப்பல்களுக்கு விற்கப் போகிறோம்?" என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை தெரியாமல் சோதனைக்கூடத்தை அணுகுவது பணத்தை வீணாக்கும்.

எந்தெந்த விளக்குகளுக்கு இத்தகைய ஒப்புதல் தேவை?

இரண்டு பெரிய குடும்பங்கள் உள்ளன. முதலாவது, ஆபத்தில் சிக்கியவரின் இருப்பிடத்தைக் காட்டும் விளக்குகள். லைஃப் ஜாக்கெட், லைஃப் பாய் எனப்படும் மிதவை வளையம், லைஃப்ராஃப்ட் எனப்படும் காற்றடைத்த தெப்பம், உயிர்காப்புப் படகு ஆகியவற்றின் விளக்குகள் இதில் அடங்கும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டின் சோலாஸ் உடன்படிக்கையின் மூன்றாம் அத்தியாயமும், 1996இல் ஏற்கப்பட்டு 1998 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, உயிர்காப்புச் சாதனங்களுக்கான எல்எஸ்ஏ விதித்தொகுப்பும் இவற்றை ஆள்கின்றன. இரண்டாவது, கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக் காட்டும் வழிகாட்டு விளக்குகள். இவற்றை ஆள்வது கோல்ரெக் எனப்படும் 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள்.

கைத்தீவட்டியும் ராக்கெட் பாராசூட் ஒளியும் ஆபத்தை அறிவிக்கும் சாதனங்களே என்றாலும் அவை வெடிபொருள் சார்ந்தவை. அவற்றின் உரிமமும் போக்குவரத்தும் வேறு உலகம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு மட்டும் சொல்லலாம். கைத்தீவட்டி ஒரு நிமிடம் சராசரியாக 15,000 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) ஒளியுடன் எரிய வேண்டும். லைஃப் ஜாக்கெட் விளக்குக்கு 0.75 கேண்டெலா போதும். ஆனால் அது எட்டு மணி நேரம் அணையக் கூடாது.

லைஃப் ஜாக்கெட் விளக்கு நிறைவேற்ற வேண்டிய அளவுகள் எவை?

விளக்கு வெண்ணிற ஒளி தர வேண்டும். மேல் அரைக்கோளத்தின் எல்லாத் திசைகளிலும் ஒளிச்செறிவு 0.75 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது. மின்கலம் அந்த ஒளியைக் குறைந்தது 8 மணி நேரம் தாங்க வேண்டும். மினுக்கும் விளக்கானால் நிமிடத்துக்கு 50 முதல் 70 மினுக்குகள் இருக்க வேண்டும். அத்தகைய விளக்குக்குக் கையால் இயக்கும் சுவிட்சும் வேண்டும்.

இந்த வரிகளில் பலர் இடறும் இடம் "எல்லாத் திசைகளிலும்" என்பதுதான். எல்இடி இயல்பிலேயே ஒரு பக்கம் நோக்கி ஒளியைக் குவிக்கும் சாதனம். உச்சியில் மூன்று கேண்டெலா காட்டும் விளக்கு, அடிவானத்தின் மட்டத்தில் அரை கேண்டெலாகூடக் காட்டாமல் போகலாம். உச்சியில் இருந்து பார்ப்பது ஹெலிகாப்டர். அடிவானத்தில் இருந்து பார்ப்பது மீட்புப் படகு. மீட்புப் படகில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரியாத விளக்கால் நீரில் கிடப்பவருக்கு என்ன பயன்? ஆகவே ஒளியைப் பக்கவாட்டில் பரப்பும் லென்ஸ் வடிவமைப்பில்தான் உழைப்பைச் செலுத்த வேண்டும். அதிக வலுவான எல்இடியைப் பொருத்தினால் மின்கலம் எட்டு மணி நேரத்தைத் தொடாது.

லைஃப் பாய் விளக்குக்கு 2 கேண்டெலாவும் 2 மணி நேரமும், நீரால் அணையாத தன்மையும் கோரப்படுகின்றன. லைஃப்ராஃப்டின் கூரை மீதுள்ள விளக்குக்கு 4.3 கேண்டெலாவும் 12 மணி நேரமும் கோரப்படுகின்றன. தெப்பத்தின் உள்விளக்கும் 12 மணி நேரம் எரிய வேண்டும். உள்ளே இருப்பவர்கள் உயிர்பிழைப்புக் குறிப்புகளைப் படிக்கும் அளவுக்கு அதன் மேல் அரைக்கோளச் சராசரி 0.5 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது.

மினுக்கும் விளக்கின் ஒளிச்செறிவை எப்படிக் கணக்கிடுவது?

உச்ச ஒளியை அப்படியே எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். மிகக் குறுகிய மினுக்கைக் கண் முழுமையாக உணர்வதில்லை என்பதால், பயனுறு ஒளிச்செறிவு என்ற அளவு கேட்கப்படுகிறது. ஒரு மினுக்கின் போது வெளிவரும் ஒளிச்செறிவை நேரத்தோடு பெருக்கிக் கூட்டி, அதை மினுக்கு நீடிக்கும் நொடிகளுடன் 0.2ஐச் சேர்த்து வகுக்க வேண்டும். பிளோண்டெல், ரே ஆகிய இருவரின் பெயரால் இந்த 0.2 அறியப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 3 கேண்டெலா ஒளி 0.1 நொடி நீடித்தால், 0.3ஐ 0.3ஆல் வகுக்க 1 கேண்டெலா கிடைக்கிறது. அதே மூன்று கேண்டெலாவை 0.05 நொடியாகச் சுருக்கினால் 0.15ஐ 0.25ஆல் வகுத்து 0.6 கேண்டெலா, விளக்கு தோற்றுவிடும். மின்கலத்தை மிச்சப்படுத்த மினுக்கைச் சுருக்கும் வடிவமைப்பாளர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

சோதனைக்கூடத்தில் என்ன செய்வார்கள்? எவ்வளவு காலம் ஆகும்?

சோதனை முறைகளை, ஐஎம்ஓவின் கடல் பாதுகாப்புக் குழு (எம்எஸ்சி) ஏற்ற எம்எஸ்சி.81(70) என்ற 1998ஆம் ஆண்டுத் தீர்மானமும் அதன் பிந்தைய திருத்தங்களும் விவரிக்கின்றன. காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பநிலைச் சுழற்சிச் சோதனைதான். ஒரு நாள் எட்டு மணி நேரம் +65 டிகிரி செல்சியஸ் அறையில் வைத்து, வெளியே எடுத்து, மறுநாள் வரை சாதாரண அறை வெப்பத்தில் விடுவார்கள். மறுநாள் எட்டு மணி நேரம் −30 டிகிரியில் வைப்பார்கள். இது ஒரு சுழற்சி. இப்படிப் பத்துச் சுழற்சிகள் வேண்டும் என்பதால், இது மட்டுமே இருபது நாள்களை எடுத்துக்கொள்ளும். இதைச் சுருக்க வழியில்லை. திட்டமிடும்போது இதை நாள்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

இத்தனை வெப்பமும் குளிரும் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்த விளக்கு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கப்பல் மேல்தளத்தின் பெட்டி ஒன்றில் கழிக்கிறது. பாரசீக வளைகுடாவின் கோடைவெயிலில் வெந்த அதே பெட்டி, சில வாரங்களில் வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்தில் உறையக்கூடும். பிறகு ஓர் இரவில் −1 டிகிரி கடல்நீரிலோ +30 டிகிரி கடல்நீரிலோ விழுந்தவுடன் எரிய வேண்டும். விதி இந்த இரண்டு எல்லைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குளிர்ந்த நீரில் மின்கலத்தின் திறன் சரிவதும், பத்துச் சுழற்சிகளுக்குப் பின் பிளாஸ்டிக் உறைக்கும் ரப்பர் வளையத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டாவதும் தோல்விக்கு வழக்கமான காரணங்கள்.

எங்கள் சொந்த ஆய்வகத்தில் செய்த சோதனை அறிக்கை போதாதா?

உங்கள் வடிவமைப்புக்கு அது மிகவும் பயன்படும். ஒப்புதலுக்குத் தனியே அது போதாது. ஒப்புதல் தரும் அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில், அல்லது அதன் பிரதிநிதி நேரில் பார்த்திருக்க, சோதனை நடந்திருக்க வேண்டும். ஆனாலும் வெளியே அனுப்பும் முன் பத்துச் சுழற்சிகளையும் உள்ளேயே ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுமாறு வலியுறுத்துவேன்.

ஐரோப்பாவின் வீல்மார்க் என்பது என்ன? அதைப் பெறும் வழி யாது?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் கொடிக் கப்பல்களில் பொருத்தும் கருவிகளுக்கு 2014/90/ஈயூ என்ற கடல்சார் கருவிகள் ஆணை பொருந்தும். முந்தைய 96/98/ஈசி ஆணைக்கு மாற்றாக வந்த இது 2016 செப்டம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. கருவியில் பொறிக்கப்படும் சுக்கான் சக்கர வடிவச் சின்னமே வீல்மார்க். அதன் அருகில் சான்றளிப்பு அமைப்பின் அடையாள எண்ணும், சின்னம் இடப்பட்ட ஆண்டும் இருக்கும்.

வழி இரண்டு படிகளைக் கொண்டது. முதல் படி மாட்யூல் பி எனப்படும் வகைப் பரிசோதனை. ஒன்றிய அரசுகளால் அறிவிக்கப்பட்ட சான்றளிப்பு அமைப்பு ஒன்று உங்கள் வரைபடங்களையும் மாதிரிகளையும் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணி அச்சகத்துக்குச் சின்னத்தை அனுப்பிவிடுகிறார்கள். அது தவறு. வகைச் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கும்போது வீல்மார்க் இட உரிமை இல்லை.

இரண்டாம் படி உற்பத்தியைப் பற்றியது. மாட்யூல் டி என்றால் உங்கள் தொழிற்சாலையின் உற்பத்தித் தர முறைமை முழுவதும் தணிக்கைக்கு உட்படும். மாட்யூல் இ என்றால் இறுதிப் பரிசோதனை முறைமை தணிக்கைக்கு உட்படும். மாட்யூல் எஃப் என்றால் ஒவ்வொரு பொருளையோ, புள்ளியியல் முறையில் எடுத்த மாதிரிகளையோ சான்றளிப்பு அமைப்பே சோதிக்கும். பி உடன் இவற்றில் ஒன்று சேர வேண்டும். ஆண்டு முழுவதும் தொடர்ந்து தயாரிப்பவருக்கு டி பொருந்தும். எப்போதாவது ஒரு தொகுதி தயாரிப்பவருக்கு எஃப் எளிதாக இருக்கலாம். தனியொரு கருவிக்கு மாட்யூல் ஜி என்ற வேறு வழியும் உண்டு, ஆனால் லைஃப் ஜாக்கெட் விளக்கு போன்ற பெருமளவுப் பொருளுக்கு அது ஒத்துவராது.

இந்த இரண்டாம் படியை வெறும் காகிதச் சடங்காகக் கருதுபவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. சோதனைக்கூடத்தில் எரிந்த மாதிரிகளைக் கடலில் யாரும் அணிவதில்லை. நீரில் விழுந்தவரின் தோளில் இருப்பது, ஒரு மாலைநேரப் பணிமுறையில் யாரோ ரப்பர் வளையத்தை வைத்து மூடிய பத்தாயிரமாவது விளக்கு. மாதிரிக்கும் அந்தப் பத்தாயிரமாவது விளக்குக்கும் இடையில் வேறுபாடு வராமல் காப்பது இந்த உற்பத்திப் படிதான்.

ஒன்றியத்துக்கு வெளியே உள்ள தயாரிப்பாளர் எழுத்துவழி ஆணையின் மூலம் ஒன்றியத்துக்குள் ஓர் அதிகாரப்பூர்வப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும். இணக்க அறிவிப்பையும் தொழில்நுட்ப ஆவணங்களையும், கடைசிச் சின்னம் இட்ட பின் குறைந்தது பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கருவியின் எதிர்பார்க்கப்படும் வாழ்நாள் அதைவிட நீண்டதானால் அக்காலம் முழுவதும் பாதுகாக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்த பின் எல்இடியையோ மின்கலத்தையோ வேறு நிறுவனத்திடம் வாங்கலாமா?

சான்றளித்தவரிடம் தெரிவிக்காமல் மாற்றக் கூடாது. ஒப்புதல் அந்தக் குறிப்பிட்ட பாகங்களால் ஆன அந்த வகைக்குத்தான். மாற்றம் இணக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்றால், மூலச் சான்றிதழுக்குக் கூடுதல் ஒப்புதல் பெற வேண்டும். சில சோதனைகளை மட்டும் மீண்டும் நடத்தினால் போதும் என்று முடிவாகலாம். எல்இடி தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை ஒரு மாதிரியை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவருவது வழக்கம் என்பதால், முதல் விண்ணப்பத்திலேயே இரண்டு மாற்று எல்இடிகளையும் சேர்த்துச் சோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம். செலவு சற்றுக் கூடும். பின்னால் உற்பத்தி நிற்காது.

அமெரிக்கக் கப்பல்களுக்கு வீல்மார்க் செல்லுமா?

தானாகச் செல்லாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் சொந்த ஒப்புதல் எண்ணை வழங்குகிறது. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 46ஆம் தலைப்பில் 159ஆம் பகுதி நடைமுறையையும், 161.012 என்ற உட்பகுதி தனிநபர் மிதவைச் சாதன விளக்குகளையும் கூறுகின்றன. காவல்படை ஏற்றுக்கொண்ட சுயாதீன ஆய்வகத்தில் சோதனை நடக்க வேண்டும். சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதே வேளையில், 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியம்–அமெரிக்கா பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தின்படி, இரு தரப்பு விதிகளும் சமமானவை என ஏற்கப்பட்ட பொருள்களுக்கு ஒரு தரப்பின் சான்றளிப்பு அமைப்பே மறுதரப்பின் ஒப்புதலையும் வழங்க முடியும். உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சான்றளிப்பு அமைப்பிடம் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

இந்தியக் கொடிக் கப்பல்களுக்கு?

மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமே நிர்வாகம். சென்னை, கொச்சி, கொல்கத்தா உள்ளிட்ட துறைமுக நகரங்களில் உள்ள கடல் வணிகத் துறையின் அளவையாளர்கள் கப்பல்களைப் பார்வையிடுகிறார்கள். இந்தியக் கப்பல் பதிவகம் என்னும் வகைப்பாட்டுச் சங்கம் 1975இல் தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர்களுக்கு வகை ஒப்புதல் சேவையும் அளிக்கிறது. சோதனை அளவுகள் எல்எஸ்ஏ விதித்தொகுப்பிலிருந்தே வருவதால், ஒரு முறை முறையாக எழுதப்பட்ட சோதனை அறிக்கை மற்ற நாடுகளின் விண்ணப்பங்களுக்கும் அடித்தளமாகும்.

வழிகாட்டு விளக்குகளுக்கு அளவுகள் எப்படி வேறுபடுகின்றன?

இங்கே ஒளிச்செறிவு, விளக்கு எத்தனை கடல் மைல் தொலைவில் தெரிய வேண்டும் என்பதிலிருந்து கணக்கிடப்படுகிறது. கோல்ரெக்கின் முதல் பின்னிணைப்பில் உள்ள சூத்திரப்படி, ஒரு கடல் மைலுக்கு 0.9 கேண்டெலா, இரண்டுக்கு 4.3, மூன்றுக்கு 12, ஆறுக்கு 94. தொலைவு ஆறு மடங்கானால் ஒளி நூறு மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது. தொலைவின் வர்க்கத்தோடு காற்று உறிஞ்சும் ஒளியும் சேர்வதே காரணம். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் பாய்மர உச்சி விளக்கு ஆறு மைலுக்கும், இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும் பின்விளக்கும் மூன்று மைலுக்கும் தெரிய வேண்டும்.

ஒளிச்செறிவோடு இன்னும் இரண்டு தேர்வுகள் உள்ளன. ஒன்று கோணம். பக்க விளக்கு 112.5 பாகையும், உச்சி விளக்கு 225 பாகையும், பின்விளக்கு 135 பாகையும் ஒளிவீச வேண்டும். முன்திசையில் பக்க விளக்கின் ஒளி எல்லைக்கு வெளியே ஒன்று முதல் மூன்று பாகைக்குள் மறைந்துவிட வேண்டும். மற்றொன்று நிறம். வெள்ளைக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியின் நீல எல்லை, நிற வரைபடத்தில் x மதிப்பு 0.310இல் நிற்கிறது. 6500 கெல்வின் என்று விற்கப்படும் குளிர்வெள்ளை எல்இடிகள் இந்தக் கோட்டை ஒட்டியே இருப்பதால், ஒரு தொகுதி தேறி அடுத்த தொகுதி தவறக்கூடும். சற்று வெதுவெதுப்பான வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை நீங்கும்.

எம்எஸ்சி.253(83) என்ற 2007ஆம் ஆண்டுத் தீர்மானம் எல்இடி விளக்குகளுக்குக் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. எல்இடி சட்டென்று அணையாமல் மெல்ல மெல்ல மங்குவதால், ஒளி விதியளவுக்குக் கீழே இறங்கும்போது பணியில் உள்ள அதிகாரிக்கு எச்சரிக்கை தர வேண்டும். இல்லையெனில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயுட்காலத்துக்குள் மட்டுமே விளக்கைப் பயன்படுத்த வேண்டும்.

ஒப்புதல் பெற்ற பழைய விளக்கில் இழை பல்பை எடுத்துவிட்டு எல்இடி பல்பைப் போடலாமா?

போட்டால் அந்த விளக்கு ஒப்புதல் பெற்ற விளக்காக இருக்காது. கண்ணாடியும் மறைப்புத் தகடும் அந்த இழையின் இடத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்ப அமைந்தவை. எல்இடி வேறு இடத்தில் ஒளிர்ந்தால் கோண எல்லைகள் நகர்கின்றன. பச்சைக் கண்ணாடி வழியே வரும் நிறமும் மாறுகிறது.

விளக்குக்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு? மின்காந்தச் சோதனை ஏன்?

எல்இடியை இயக்கும் மின்சுற்று வேகமாக இயங்கி நிறுத்துவதால் வானொலி இரைச்சல் பிறக்கிறது. அந்த இரைச்சல், கப்பல்கள் பேசப் பயன்படுத்தும் விஎச்எஃப் அலைவரிசையில் விழுந்தால், ஆபத்து அழைப்பையே கேட்கவிடாமல் செய்துவிடும். 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 13-18 என்ற எண்ணுள்ள எச்சரிக்கையை இதற்காகவே வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட எளிய சோதனையை எவரும் செய்யலாம். எல்இடி விளக்குகளை அணைத்து, வானொலியை அமைதியான சேனலில் வைத்து, இரைச்சல் சற்றே நிற்கும் இடத்தில் ஸ்குவெல்ச்சை, அதாவது இரைச்சலை அடக்கும் திருகை, நிறுத்த வேண்டும். பிறகு விளக்கை எரியவிட வேண்டும். இரைச்சல் மீண்டும் கேட்டால் குற்றவாளி விளக்கு. கப்பல் மின்னணுக் கருவிகளுக்கான ஐஈசி 60945 தரநிலை 156 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரை தனியாகக் கடுமையான வரம்பு வைத்திருப்பது இதனால்தான். அதே தரநிலை, திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தள்ளிப் பொருத்த வேண்டும் என்பதையும் அளக்கச் சொல்கிறது.

மீன்பிடிப் படகுகளுக்கு இவை பொருந்துமா?

சோலாஸின் உயிர்காப்புச் சாதன விதிகள் பொதுவாக மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்துவதில்லை. அவற்றுக்கு உள்நாட்டு விதிகள் உள்ளன. ஆனால் கோல்ரெக் திறந்த கடலில் உள்ள எல்லாக் கலங்களுக்கும் பொருந்தும். இராமேசுவரத்து விசைப்படகு இழுவலை இழுக்கும்போது பச்சை விளக்கின் கீழ் வெள்ளை விளக்கையும், வேறு முறையில் மீன்பிடிக்கும் கலம் சிவப்பின் கீழ் வெள்ளையையும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட் வேகத்தை மீறாத இயந்திரப் படகுக்கு எல்லாத் திசையும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு குறைந்தபட்சம். துடுப்புப் படகில்கூட, மோதலைத் தவிர்க்கக் காட்டுவதற்கு ஒரு டார்ச்சேனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்தச் சந்தைக்கு விலை குறைந்த, ஆனால் அளவில் நேர்மையான விளக்கைச் செய்பவர் பெரிய தொண்டு செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

விளக்கின் மேல் என்ன எழுத வேண்டும்?

ஒப்புதல் விவரமும், ஒப்புதல் தந்த நிர்வாகமும், பயன்பாட்டுக் கட்டுப்பாடு ஏதேனும் இருந்தால் அதுவும் தெளிவாக இருக்க வேண்டும். மின்கலம் காலத்தால் கெடுவது என்பதால் வயதையோ மாற்ற வேண்டிய நாளையோ அறியும் வழி வேண்டும். உப்பும் வெயிலும் பட்டால் ஓரிரு ஆண்டுகளில் அழிந்துவிடும் ஒட்டுத்தாளில் அந்தத் தேதியை அச்சிடாமல், உறையிலேயே பொறித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை எதிலிருந்து தொடங்குவது?

எந்தக் கொடி நாடு, எந்தக் கருவி வகை, எந்தத் தீர்மானத்தின் எந்தப் பதிப்பு என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சான்றளிப்பு அமைப்பிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஐஎம்ஓ 2001இல் வெளியிட்ட 980ஆம் எண் சுற்றறிக்கை, உயிர்காப்புச் சாதனங்களின் மதிப்பீட்டுக்கும் சோதனைக்கும் ஒரே மாதிரியான படிவங்களைத் தந்தது. அவை பிறகு புதுப்பிக்கப்பட்டுள்ளன. இப்போதுள்ள படிவத்தைக் கேட்டுப் பெற்று, சோதனைக்கு முன்பே உங்கள் விளக்கை வைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பாருங்கள். நிரப்ப முடியாத கட்டம் எதுவோ, வடிவமைப்பில் அடுத்த வேலை அங்கேதான் இருக்கிறது.